பனி இறங்குமுன் பறை காய வேண்டும்: கோத்தகிரி இசை, கலை விழாக் குறிப்புகள்

வியாழன்: ஏற்றம்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 320 மீட்டர். கோத்தகிரி ஏறத்தாழ 1,800. நடுவில் 33 கிலோமீட்டர் மலைச்சாலை, பேருந்தில் ஒன்றரை மணி நேரம். அதற்குள் காற்று ஒன்பது, பத்து டிகிரி குளிர்ந்துவிடும். கேட்க வருகிறவர்களுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். தோல்கருவியோடு வரும் குழுக்களுக்குக் குஞ்சப்பனை தாண்டும்போதே வேலை ஆரம்பமாகிவிடுகிறது.

தோல் ஈரம் குடிக்கும். கீழே கணீரென்று பேசிய தப்புப் பறை மேலே வந்து அரை மணி நேரத்தில் தொய்ந்துவிடும். வார் பிடித்த தவிலையும் மிருதங்கத்தையும் வந்த இடத்தில் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய தப்புக்கு அந்த வசதி இல்லை, நெருப்புதான் வழி. ஆகவே கருவிகளை வண்டியின் கூரையில் கட்டாமல், போர்வை சுற்றி உள்ளே வைத்துக் கொண்டுவருவது நல்லது. கூரையில் கட்டி வந்தால் அடிவாரத்து வெயிலும் மலைமேல் பனியும் ஒரே நாளில் தோலின் மேல் விழுகின்றன. பசை விடுவது அப்போதுதான்.

2024 மே முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருகிறவர்களுக்குத் தேவையில்லை. டெம்போவில் வரும் குழுக்கள் வண்டி எண்ணையும் ஆட்கள் எண்ணிக்கையையும் மேட்டுப்பாளையத்திலேயே பதிந்துவிட வேண்டும். சாவடியில் நின்றுகொண்டு செல்பேசியில் தட்டினால் பின்னால் வரிசை சேர்ந்துவிடும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் இந்த மாவட்டத்தில் தடை உண்டு. இருபது பேர் குழுவென்றால் ஒரு எவர்சில்வர் தூக்கும் ஆளுக்கொரு பாட்டிலும் கொண்டுவந்துவிடலாம்.

விழா நடக்கும் இடம், ஓட்டம் நின்றுபோன ஒரு தேயிலைத் தொழிற்சாலையும் அதன் முன்னால் இலை மூட்டை இறக்கிய வெட்டவெளியும். விழாவைத் தொகுத்திருப்பவர் ஓர் ஓவியர். கலைஞர் கையில் விழாவை ஒப்படைப்பது உலகத்தில் பழகிய முறைதான். லண்டன் சவுத்பேங்க் மையத்தின் மெல்ட்டவுன் விழா 1993-இல் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரு கலைஞரைப் பொறுப்பில் வைக்கிறது. 2017-இல் அந்தப் பொறுப்பு ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகளான பாடகி மாயா அருள்பிரகாசத்திடம் இருந்தது. எம்.ஐ.ஏ. என்றால் பலருக்கும் தெரியும். நமக்குப் பக்கத்தில் கொச்சி முசிறிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சி 2012-இலிருந்து கலைஞர்களைக் கொண்டே தொகுக்கப்பட்டு வருகிறது. ஒரு மேலாளர் முதலில் கேட்பது ‘எத்தனை குழு, எத்தனை நிமிடம்’ என்று. இங்கே ஓவியர் முதலில் கேட்டது, மாலையில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, பனி எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று. நிகழ்ச்சி நிரல் முழுவதும் அந்த இரண்டு பதில்களின் மேல் நிற்கிறது. மூன்றரையிலிருந்து ஆறு மணி வரை வெளியில் வட்ட ஆட்டங்கள். ஆறரைக்கு மேல் எல்லாமே மாடியில், கூரைக்குக் கீழே.

இன்று முழுக்கத் தளவேலை. மேடை போடவில்லை, அதுதான் சரி. இந்த மலையின் ஆட்டங்கள் எல்லாமே தரையில் வட்டமாக ஆடுவதற்கு ஆனவை. மேடையில் ஏற்றினால் வட்டம் அரைவட்டமாகி, ஆடுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் போகிறது. தாளம் முதலில் கலைவது அங்கேதான். முப்பது பேர் ஆட 14 மீட்டர் குறுக்களவு வேண்டும். சுற்றளவு 44 மீட்டர் வரும், ஆளுக்கு ஒன்றரை மீட்டர் கிடைக்கும். கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டை போட்டார்கள். விரிப்பு போடக்கூடாது. பனியில் நனைந்த விரிப்பு வெறுங்காலுக்கு வழுக்கும். பார்ப்பவர்கள் மூன்று பக்கம், வட்டத்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளி. நான்காவது பக்கம், சரிவின் கீழ்ப்புறம், நெருப்புக் குழிகளுக்கு. பகலில் மலைக்காற்று மேல்நோக்கி ஏறும், பொழுது சாய்ந்ததும் கீழ்நோக்கி வழியும். மாலையில் புகை கீழே போக வேண்டுமானால் குழியும் கீழ்ப்பக்கமே இருக்க வேண்டும்.

ஜெனரேட்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதில் பலரும் ஏமாறுகிறார்கள். டர்போ இல்லாத டீசல் எஞ்சின் இந்த உயரத்தில் தன் பலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை இழந்துவிடும். விளக்குக்கும் ஒலிக்கும் 15 கே.வி.ஏ. தேவை என்றால் கீழே 20 போதும். இங்கே 25 கொண்டுவர வேண்டும். குறைத்துக் கொண்டுவந்தால் ஆம்ப்ளிஃபயர் திடீரென்று இழுக்கும் நேரத்தில் விளக்கு மங்கும், பிறகு ஒலிப்பலகை அணைந்து அணைந்து எழும்.

எதிர்ச்சரிவு சுமார் 170 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. கை தட்டினால் ஒரு வினாடி கழித்துத் திரும்பி வருகிறது. இரண்டு பெரிய ஸ்பீக்கர் கோபுரம் நிறுத்தினால் அந்த எதிரொலி ஒவ்வொரு அடியையும் இரண்டாக்கிவிடும். அதனால் சின்ன ஸ்பீக்கர்கள் ஆறு, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, வட்டத்தைச் சுற்றி, பார்ப்பவர்களை நோக்கிக் கொஞ்சம் குனிந்தபடி. பறைகளுக்கு மைக்கே கிடையாது. இருநூறு பேருக்கு அவற்றின் சொந்தக் குரல் போதும். மைக் பாட்டுக்கும் குழலுக்கும் மட்டும்.

வெள்ளி: நெருப்பும் வட்டமும்

காலையில் விறகுதான் முதல் பேச்சு. கற்பூர மரம் (யூகலிப்டஸ்) இங்கே எங்கும் கிடைக்கும், ஆனால் அதில் எண்ணெய் உண்டு. குப்பென்று நாக்கு நீட்டி எரியும். தோலுக்கு வேண்டியது தணல். காய்ந்த சீகை விறகையும் தேயிலைக் கவாத்துக் குச்சிகளையும் இரண்டரை மணிக்கே மூட்டி, மூன்றேகாலுக்குத் தணலாக்கி வைத்திருந்தார்கள். தப்பைத் தணலுக்கு முழம் தள்ளிச் சாய்த்துப் பிடித்து, வட்டமாகத் திருப்பிக்கொண்டே காய்ச்ச வேண்டும், பத்து நிமிடமாவது. நடுவைவிட ஓரம் மெதுவாகக் காயும். ஓரத்தைக் காய வைக்கிறேன் என்று ஒரே பக்கம் நிறுத்தினால் தோல் அங்கே பிளக்கும், அல்லது பசை இளகிக் கிளம்பும். குழியருகே இருந்த பெரியவர் ஒருவர் இளைஞர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: “தம்பி, தள்ளிப் பிடி. சூடு தொடலாம், தீ தொடக்கூடாது.” விரல் நுனியால் தட்டினால் ஓசை மேலேறிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றுவிடும். அதுதான் எடுக்க வேண்டிய நேரம்.

பனிக்காற்றில் அந்த விறைப்பு இருபது, இருபத்தைந்து நிமிடம் நிற்கும். நிரலில் ஒவ்வொரு குழுவுக்கும் இருபது நிமிட ஆட்டம், பத்து நிமிடம் மறுபடி நெருப்பு என்று போட்டிருந்தது இதற்காகத்தான். அந்தப் பத்து நிமிடத்தை வீண் என்று வெட்டினால் கடைசிக் குழு தொய்ந்த தோலோடு வாசிக்க நேரும்.

முதலில் கோத்தர் பழங்குடியினர். நீலகிரியில் அவர்களுக்கு ஏழு ஊர்கள். கொல்லர், தச்சர், குயவர் வேலைகளோடு இசையும் அவர்கள் கைத்தொழிலாக இருந்தது. கொள் என்ற குழல்தான் முன்னால் போகும். நாதஸ்வரம் போல இரட்டை நாக்கு வைத்த கூம்புக் குழல். மூச்சு அறாமல், கன்னத்தில் காற்றைத் தேக்கி ஊதுகிறார்கள். அதோடு தபட்க் என்ற ஒருமுகத் தோல்கருவி, இருமுகப் பறைகள், வளைந்த பித்தளைக் கொம்பு. ஆண்கள் ஆட்டம் முதலில், பெண்கள் ஆட்டம் முடிவில்.

இவர்கள் இசையை மேடைக்கு அழைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கோத்தர் மெட்டுகள் தெய்வத்துக்கு உரியவை, சாவுக்கு உரியவை, ஆட்டத்துக்கு உரியவை என்று பிரிந்திருக்கின்றன. தெய்வ மெட்டு அதற்கான நாளில், அதற்கான இடத்தில். சாவு மெட்டை வேறு நேரத்தில் வாசிப்பதைத் தவிர்க்கிறார்கள். ‘உருக்கமாக ஒன்று வாசியுங்கள்’ என்று விழாக்காரர்கள் கேட்டுவிடுவது வழக்கம். உருக்கமான மெட்டுகள் பெரும்பாலும் எந்த வகையில் இருக்கும் என்று யோசித்தால் அந்தக் கேள்வி எவ்வளவு சங்கடமானது என்று புரியும். இங்கே ஓவியர் கேட்ட முறை நேர்: இந்த இடத்தில், இந்த நாளில் எதையெல்லாம் வாசிக்கலாம், நீங்களே சொல்லுங்கள். வந்தவை ஆட்ட மெட்டுகள் மட்டுமே. நன்றாக இருந்தன.

இன்னொரு நுட்பமும் இருந்தது. முன்பு படுகர் வீட்டுச் சாவுக்கும் தோடர் வீட்டுச் சாவுக்கும் கோத்தர்கள்தான் வாசித்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் அந்த ஏற்பாடு மெல்ல முறிந்தது. அந்த வாசிப்போடு வந்த தாழ்வைக் கோத்தர்கள் இனி ஏற்க விரும்பவில்லை. படுகர்களிலும் சீர்திருத்தம் பேசியவர்கள் அதை நிறுத்தச் சொன்னார்கள். இந்த வரலாறு தெரியாமல், ‘கோத்தர் வாசிக்கட்டும், படுகர் ஆடட்டும், ஒற்றுமையாக இருக்கும்’ என்று நிரல் போடுகிறவர்கள் உண்டு. பார்ப்பவர்களுக்கு ஒற்றுமையாகத் தெரிவது வாசிப்பவர்களுக்குப் பழைய ஊழியமாகப் படும். இங்கே இரண்டு குழுவுக்கும் தனித்தனி நேரம், தனித்தனி நெருப்புக்குழி, ஒரே அளவு சம்பளம். பல பண்பாட்டு விழா என்றால் எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் போட்டுக் கலக்க வேண்டும் என்று இல்லை. ஒவ்வொன்றும் தன் நிலத்தில் முழுசாக நின்ற பிறகு கலப்பதா வேண்டாமா என்பதை அவரவர் முடிவு செய்யட்டும்.

படுகர் ஆட்டம் நாலரை மணி வெளிச்சத்துக்கு வைக்கப்பட்டது. வெள்ளை முண்டு, வெள்ளைச் சீலை, வெள்ளைத் தலைப்பாகை. மேற்கு வெயில் சாய்வாக விழும்போது வட்டத்தின் ஒரு பாதி பொன்னிறமாகவும் மறுபாதி நீலமாகவும் தெரிந்தது. அந்த நேரத்தைக் குறித்தது ஓவியரின் கண். இப்போது படுகர் வீட்டு விசேஷங்களில் கீபோர்டும் ரிதம் பாக்ஸும் சாதாரணம். அவற்றையும் கொண்டுவந்திருந்தார்கள், யாரும் தடுக்கவில்லை. ‘பழைய முறையில் மட்டும்’ என்று சொல்ல வெளியாருக்கு உரிமை கிடையாது.

அடுத்து இருளர்கள். பொறை, தவில் என்ற தோல்கருவிகள், கொகால் என்ற குழல், ஜால்ரா. கால் வேகம் இவர்களுடையதுதான் அதிகம். புழுதி கிளம்பிப் பாடுகிறவர்கள் தொண்டை கட்டும், அதனால் இவர்களுக்கு முன் ஒரு தடவை தண்ணீர் தெளித்தார்கள். கொஞ்சம் கூடத் தெளித்தாலும் சேறு. நானூறு சதுர அடிக்கு இரண்டு குடம் சரியாக இருந்தது.

ஆறே காலுக்குப் பனி வந்தது. எதிர்ச்சரிவு மறைந்த ஐந்தாவது நிமிடம் வட்டத்தின் மறுபக்கம் தெரியவில்லை. அதற்குள் வெளி நிகழ்ச்சி முடிந்திருந்தது.

சனி: மாடியும் சுருதியும்

தேயிலைத் தொழிற்சாலையில் இலையை வாட வைக்கும் மேல்மாடி நீளமாக, மரத்தளத்தோடு, இரு பக்கமும் ஜன்னலோடு இருக்கும். ஓவியங்களுக்கு இதைவிட நல்ல கூடம் இந்த ஊரில் கிடைப்பது கஷ்டம். ஜன்னல்தான் ஆபத்தும். மாலையில் திறந்து வைத்தால் பனி உள்ளே நடந்து வரும்.

குறும்பர் ஓவியங்கள் கோத்தகிரிக்குப் பக்கத்து வெள்ளரிக்கொம்பை சார்ந்த மரபு. பக்கத்தில் எழுத்துப்பாறை என்ற பழம் பாறை ஓவியங்கள் உள்ளன. அங்கே போக வனத்துறை அனுமதி வேண்டும், கேட்காமல் போகக்கூடாது. வேங்கை மரப் பிசின், இலைச்சாறு, மண், கரி ஆகியவைதான் வண்ணங்கள். இலைப்பச்சைதான் சீக்கிரம் வெளுக்கும். அதனால் விளக்கின் வெளிச்ச அளவு 50 லக்ஸைத் தாண்டக்கூடாது. கண்ணுக்கு முதலில் மங்கலாகத் தோன்றும், இரண்டு நிமிடத்தில் பழகிவிடும். படங்களை வெளிச்சுவரில் நேராக மாட்டவில்லை. ஈரச் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரல் மொத்தத்துக்கு ரீப்பர் கட்டை வைத்திருந்தார்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் காகிதத்தின் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும்.

தோடர் பூத்தையல், 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. கரடான வெள்ளைப் பருத்தித் துணியில் இழை எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகத் தைப்பது. பெரும்பாலான கண்காட்சிகளில் இதைப் பலகையில் ஆணியடித்து மாட்டுகிறார்கள். அதில் இரண்டு தவறு. ஆணி இழையை அறுக்கும் என்பது ஒன்று. தைத்த பெண்கள் நேர்ப்பக்கமாகக் கருதுவது நாம் பின்பக்கம் என்று நினைக்கும் புடைப்பான பக்கத்தை, அது சுவரைப் பார்த்துப் போய்விடுகிறது என்பது இன்னொன்று. இங்கே மேல் விளிம்பில் துணிக்குழாய் தைத்து, மூங்கில் கோர்த்து, கூடத்தின் நடுவில் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் சுற்றி வந்து பார்க்கலாம். விழாவில் சிறந்த ஒரே முடிவைச் சொல்லச் சொன்னால் இதையே சொல்வோம்.

மாலையில் மாடியில் நாதஸ்வரக் குழுவும், கீழேயிருந்து வந்த வயலினும் புல்லாங்குழலும். குளிர் இவர்களைப் படுத்தியது. பத்து டிகிரி குறைந்தால் காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஆறு மீட்டர் குறையும். குழலின் சுருதி அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கப் பார்க்கும். கம்பி குளிரில் சுருங்கி மேலே ஏறும். ஒன்று கீழே, ஒன்று மேலே. ஊத ஊத மூச்சுச் சூட்டில் குழல் மறுபடி ஏறும். ஆகவே முதல் உருப்படிக்கு முன் பதினைந்து நிமிடம் உள்ளேயே வாசித்துக் கருவியைச் சூடாக்கிக்கொண்டு, அதன் பிறகு கம்பியைக் குழலுக்குச் சேர்ப்பதுதான் வரிசை. மாற்றிச் செய்தால் இரண்டாவது உருப்படியில் மறுபடி முறுக்க வேண்டும். நாதஸ்வரக்காரர்கள் வாயில் வைத்து ஊதும் நாக்கான சீவாளியும் இந்த ஈரத்தில் ஊறி மெத்தென்றாகும். நான்கைந்து சீவாளிகளைச் சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருந்து மாற்றி மாற்றிப் போட்டார்கள்.

மைக் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இரவெல்லாம் வண்டியில் கிடந்து குளிர்ந்த கண்டென்சர் மைக்கை ஆள் நிறைந்த அறையில் திறந்தால் உள்ளே நீர் பூத்துச் சடசடக்கும். பெட்டியை மூடியபடியே முக்கால் மணி அறையில் வைத்துவிட்டுத் திறக்க வேண்டும். சிலிக்கா ஜெல் பொட்டலம் பெட்டிக்குள் எப்போதும் இருக்கட்டும்.

இரவில் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகக் குடியிருப்புகளின் காமன் கூத்துக்காரர்கள். 1964 இந்திய-இலங்கை (சிறிமாவோ-சாஸ்திரி) ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் இவை, கூத்தும் தப்பும் அங்கிருந்து இங்கே வந்தன. மாசியில் கம்பம் நட்டுப் பல நாள் விரதத்தோடு நடப்பது காமன் பண்டிகை. கம்பம் நடாத இடத்தில் காமனை எரிப்பது முறையல்ல. அதனால் ரதி மதன் ஆட்டமும் பாட்டும் மட்டும். எட்டரைக்கு முடித்தார்கள். ஒலிபெருக்கிச் சட்டம் இரவு பத்து வரை விடுகிறது, ஆனால் காட்டெருமையும் கரடியும் தேயிலைக்குள் இறங்கும் நேரம் அது. பார்க்க வந்தவர்கள் டார்ச்சோடு தார்ச்சாலையிலேயே போவது நல்லது. தேயிலைக் குறுக்குவழி வேண்டாம்.

ஞாயிறு: கணக்கும் இறக்கமும்

காலை உணவு படுகர் வீட்டுத் துப்பதிட்டும் அவரைக் குழம்பும். பிறகு சம்பளம், கையில், பெயர் வாசித்து. தேயிலை பறிப்பவர் விழாவுக்கு வந்தால் அன்றைய கூலி போகும். ஆகவே ஆட்டத்துக்கான தொகை தனி, இழந்த கூலி தனி, வண்டிச் செலவு தனி என்று மூன்றாகப் பிரித்திருந்தார்கள். ‘பின்னால் வங்கியில் போடுகிறோம்’ என்ற பேச்சு இல்லை. இசைக்கலைஞர் நடத்தும் விழாவுக்கும் பணம்தான் முதல் கண்டம். ஆங்கிலப் பாடகர் பீட்டர் கேப்ரியல் தொடங்கிய வோமாட் இசை விழா 1982-இல் முதல் விழாவிலேயே பெரும் கடனில் விழுந்தது. அவருடைய பழைய ஜெனிசிஸ் குழு மறுபடி ஒன்றுகூடி ஒரு கச்சேரி செய்துதான் அது மீண்டது. அப்படி ஒரு குழு கைவசம் இல்லாதவர்கள் கலைஞர்களின் பணத்தை முதல் நாளுக்கு முன்பே தனிக் கணக்கில் ஒதுக்கிவிட வேண்டும். பந்தல், விளக்கு, போஸ்டர் எல்லாம் அதற்குப் பிறகு.

பதினொரு மணிக்குப் பொது வட்டம். நிரலில் அது இல்லை. கூடலூர்ப் பணியர் பழங்குடியினர் துடியும் குழலுமாகக் கிளம்பும் முன் ஒரு ஆட்டம் போட, இருளர் பெண்கள் தாமாகச் சேர்ந்தார்கள், பிறகு படுகர் இளைஞர்கள். கோத்தர்களில் இருவர் ஆடினார்கள், மற்றவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். யாரும் யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. மைக் அணைந்தே இருந்தது.

கீழே இறங்கும் குழுக்களுக்குக் கடைசியாக ஒரு வேலை. ஏறும்போது தோல் தொய்ந்ததற்கு நேர் எதிராக, இறங்கும்போது அது காய்ந்து இறுகும். மலையில் இழுத்துக் கட்டிய தவிலை அப்படியே மேட்டுப்பாளையம் வெயிலுக்குக் கொண்டுபோனால் தோல் வெடிக்கும். புறப்படும் முன் தவில், மிருதங்க வார்களைத் தளர்த்திவிட வேண்டும். தப்பைத் தளர்த்த முடியாது. பருத்தித் துணி ஒரு சுற்று, அதன்மேல் போர்வை ஒரு சுற்று போட்டு ஈரம் மெல்ல வெளியேறும்படி விட வேண்டும், வண்டி டிக்கியில் வைக்கக்கூடாது. அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் தனியே கட்டுங்கள், தோலோடு சேர்த்துக் கட்டினால் வளைவுகளில் உரசிக் கீறும். வீடு சேர்ந்ததும் ஒரு நாள் நிழலில் கிடக்கட்டும், வாரை மறுநாள் இழுத்துக்கொள்ளலாம்.